ஈர்க்குச்சியும் மாவும் போதும்: 109.5° கோணத்தைக் கையில் பிடிப்பது எப்படி

மீத்தேனை வரையச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் நடுவில் ஒரு கார்பனை எழுதி, மேலே கீழே இடது வலது என்று நாலு ஹைட்ரஜனை வைத்து, கூட்டல் குறி மாதிரி ஒன்றைப் போட்டுவிடுவோம். கரும்பலகையில் அப்படித்தான் போட்டார்கள், நோட்டிலும் அப்படித்தான் எழுதினோம். அப்புறம் அதே பாடத்தில் நாலைந்து பக்கம் தள்ளி, பிணைப்புக் கோணம் (பக்கத்துப் பிணைப்புகள் இரண்டுக்கு நடுவில் உள்ள கோணம்) 109.5° என்று ஒரு வரி வரும். கண்ணில் தெரிவது 90°, எழுத்தில் இருப்பது 109.5°. நான் பிளஸ் ஒன் படித்தபோது மாதத் தேர்வில் படத்தை நம்பி 90° என்று எழுதினேன், ஒரு மார்க் போனது. ஏன் தப்பு என்று கேட்டதற்கு, "புத்தகத்துல 109.5னு போட்டிருக்கு, பாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் அம்மோனியாவுக்கு 107°, தண்ணீருக்கு 104.5°, ஹைட்ரஜன் சல்பைடுக்கு 92° என்று வரிசையாக வரும்போது எது எதற்கு என்று குழம்பும். இத்தனைக்கும் காரணம் தாள் தட்டையாக இருப்பதுதான். மூலக்கூறு தட்டையாக இல்லை. அதனால் முதல் வேலை தாளை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவது.

வேண்டிய பொருட்கள்: தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி நாலு (தடித்த அடிப்பக்கமாகப் பார்த்து எடுங்கள், நுனிப்பக்கம் வளையும்), சப்பாத்தி மாவு ஒரு எலுமிச்சம்பழ அளவு, கொஞ்சம் நூல், ஒரு ஸ்கேல். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைகிற பதத்தில் இருந்தால் குச்சி மெல்லச் சாய்ந்துவிடும், இன்னும் கொஞ்சம் உலர் மாவு சேர்த்துப் பிசையுங்கள். உருளைக்கிழங்கை வைத்தும் செய்து பார்த்தேன், ஒரு தடவை தப்பாகக் குத்திவிட்டால் ஓட்டை பெரிதாகிக் குச்சி ஆட ஆரம்பித்துவிடுகிறது. குழந்தைகள் விளையாடுகிற கிளே வீட்டில் இருந்தால் அதுதான் நல்லது.

மாவை 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாக உருட்டுங்கள். குச்சிகளை 10 சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். ஒவ்வொரு குச்சியும் உருண்டையின் மையம் வரை போக வேண்டும், அதாவது வெளியே தெரிவது எட்டரை சென்டிமீட்டர். முதலில் மூன்று குச்சியைக் குத்தி முக்காலி மாதிரி மேசையில் நிறுத்துங்கள், நாலாவதை உச்சியில் நேர் செங்குத்தாக நடுங்கள். இப்போது பார்க்க ஓரளவு சரியாகத் தெரியும், ஆனால் நிச்சயம் சரியாக இருக்காது.

இங்கேதான் நூல் வருகிறது. 16.3 சென்டிமீட்டருக்கு ஒரு நூலை வெட்டி, எந்த இரண்டு குச்சி முனைகளுக்கு நடுவிலும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நாலு முனை என்றால் ஆறு ஜோடி. ஆறுக்கும் அதே நூல் சரியாகப் பொருந்தும்வரை குச்சிகளைத் தள்ளித் தள்ளித் திருத்துங்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தப்பும், பத்து நிமிஷம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் விரலுக்குப் புரிவது நாலு பக்கம் படித்தாலும் புரியாது: நாலு பேரும் ஒருவரை ஒருவர் சம தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேறு ஏற்பாடே கிடையாது. முடிந்ததும் இன்னொரு சோதனை, உருண்டையின் மையம் மேசையிலிருந்து 3.3 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், குச்சி நீளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. இப்போது பொம்மையை உருட்டிவிடுங்கள். எப்படி விழுந்தாலும் மூன்று முனை தரையில், ஒன்று மேலே. எது உச்சி எது அடி என்று சொல்லவே முடியாது. வெறுங்காலில் நெருஞ்சி முள்ளை மிதித்தவர்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும், அந்தக் காய் எப்படிக் கிடந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மும்பை மரைன் டிரைவ் கரையில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டி வைத்திருக்கிற நாலு கால் கான்கிரீட் கட்டைகளும் இதே வடிவம்தான்.

குச்சி முனைகளை நூலால் இணைத்தால் கிடைக்கிற நாலு முக்கோண முகமுள்ள உருவத்துக்குத்தான் நான்முகி என்று பெயர். கார்பன் அதன் மூலையில் இல்லை, நடு வயிற்றில் இருக்கிறது. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நான்முகியில் எங்கே 109.5° இருக்கிறது, முகமெல்லாம் 60° முக்கோணமாகத்தானே இருக்கிறது என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. 60° என்பது மூலையில் நின்று பார்த்தால் தெரிகிற கோணம், நமக்கு வேண்டியது நடுவில் நின்று பார்க்கிற கோணம்.

சரி, 109.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், ஆனால் இரண்டு நிமிஷ வேலைதான். ஒரு கனசதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கம் 2. எட்டு மூலைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு மூலையை எடுத்தால் அது நான்முகி, பெட்டியின் நடுப்புள்ளி கார்பன். நடுவிலிருந்து மூலைக்குத் தூரம் √3. எடுத்த மூலைகளில் எந்த இரண்டையும் இணைத்தாலும் அது பெட்டியின் ஒரு முகத்தின் மூலைவிட்டம், நீளம் 2√2. இப்போது √3, √3, 2√2 என்று ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. கொசைன் விதியைப் போட்டால் (3 + 3 − 8) ÷ 6, அதாவது −1/3. கொசைன் −1/3 உள்ள கோணம் 109.47°, பழைய புத்தகங்களில் 109° 28′ என்று போட்டிருப்பார்கள். நூலின் 16.3-ம் இதே கணக்கில் வந்ததுதான், நடுவிலிருந்து மூலைக்கு 10 என்றால் முனைக்கு முனை 16.33. ஆய்வகத்தில் அளந்து கண்டுபிடிக்க வேண்டிய எண் அல்ல இது, வடிவியலே தருவது. மற்ற கோணங்களைத்தான் அளக்க வேண்டியிருந்தது.

கார்பன் இப்படித்தான் நாலு பக்கமும் கை நீட்டுகிறது என்று முதலில் எழுதியவர்கள் இரண்டு பேர், டச்சுக்காரர் வான்ட் ஹாஃப், பிரெஞ்சுக்காரர் லெ பெல், இருவரும் 1874-ல், தனித்தனியாக. வான்ட் ஹாஃபுக்கு அப்போது வயது 22. எக்ஸ் கதிர் வைத்துப் படிகங்களைப் பார்க்கிற காலம் அது இல்லை, அணு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சண்டையாக இருந்த காலம். ஆனால் அவரிடம் ஒரு கெட்டிக்காரத்தனமான வாதம் இருந்தது, அதை உங்கள் பொம்மையிலேயே செய்து பார்க்கலாம். நாலு முனையில் இரண்டுக்குச் சிவப்புப் பொட்டு வையுங்கள், அவை குளோரின். மற்ற இரண்டும் ஹைட்ரஜன். இது டைகுளோரோமீத்தேன். கார்பன் தட்டையான சதுரமாக இருந்தால் இரண்டு குளோரினும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒரு பொருள், எதிரெதிரே இருப்பது இன்னொரு பொருள் என்று இரண்டு டைகுளோரோமீத்தேன் கிடைக்க வேண்டும். கிடைத்தது எப்போதும் ஒன்றே ஒன்றுதான். உங்கள் பொம்மையில் எந்த இரண்டு முனையில் பொட்டு வைத்தாலும் சுழற்றினால் அதே உருவம்தான் வரும். வான்ட் ஹாஃப் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் செய்து வேதியியலாளர்களுக்கு அனுப்பிக்கூடப் பார்த்தார். கோல்பே என்ற பெரிய ஜெர்மானிய வேதியியலாளர் 1877-ல், கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிற இவருக்கு எதற்கு இந்த வேலை என்கிற மாதிரி கடுமையாகக் கிண்டல் செய்து எழுதினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் வான்ட் ஹாஃபுக்குத்தான் கிடைத்தது, ஆனால் அது கரைசல்கள், வினைவேகம் பற்றிய வேலைக்காக. நான்முகி கண்ணால் பார்க்கிற மாதிரி உறுதியானது 1913-ல், பிராக் தந்தையும் மகனும் வைரத்தின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்தபோது.

எண்ணுவது எப்படி

இனி எந்த மூலக்கூறு கொடுத்தாலும் வடிவம் சொல்வது. இதற்கு மாணவர்கள் வெஸ்பர் என்று சுருக்கிச் சொல்கிற கொள்கை, தமிழ்ப் பாடப்புத்தகப் பெயர் இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கல் கொள்கை. பெயர்தான் ரயில் மாதிரி நீளம், விஷயம் ஒரு வரி: நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று பிடிக்காமல் முடிந்தவரை விலகி நிற்கும். நாலு பலூனை ஊதி அவற்றின் கழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிக் கட்டிப் பாருங்கள், நீங்கள் ஒன்றும் செய்யாமலே அவை நான்முகியாக நின்றுவிடும்.

எத்தனை ஜோடி என்று எண்ணுவதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற கணக்கு இது. நடு அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எழுதுங்கள். சுற்றியுள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் ஹாலஜனுக்கும் (ஃபுளூரின், குளோரின் மாதிரியானவை) 1 கூட்டுங்கள். முனையில் இருக்கும் ஆக்சிஜனுக்கு 0, ஆமாம், பூஜ்யம்தான். நேர்மின்சுமை இருந்தால் அத்தனையைக் கழியுங்கள், எதிர்மின்சுமை இருந்தால் கூட்டுங்கள். மொத்தத்தை 2-ஆல் வகுங்கள். வருவது திசைகளின் எண்ணிக்கை. அதிலிருந்து சுற்றியுள்ள அணுக்களைக் கழித்தால் மிச்சம் தனித்த இரட்டை, அதாவது எந்தப் பிணைப்பிலும் சேராமல் நடு அணுவிடமே இருக்கிற எலக்ட்ரான் ஜோடி.

மீத்தேன்: 4 + 4 = 8, பாதி 4, நாலு அணு இருக்கிறது, தனித்த இரட்டை இல்லை. அம்மோனியா: 5 + 3 = 8, பாதி 4, மூன்று அணுதான், ஒரு தனித்த இரட்டை. தண்ணீர்: 6 + 2 = 8, பாதி 4, இரண்டு தனித்த இரட்டை. அம்மோனியம் அயனி: 5 + 4 − 1 = 8, மறுபடி நாலு, நாலு அணுவும் இருக்கிறது, ஆகவே மீத்தேன் மாதிரியே சுத்தமான 109.5°. சல்பேட்: கந்தகத்துக்கு 6, ஆக்சிஜனுக்கெல்லாம் 0, மின்சுமைக்கு 2, மொத்தம் 8, அதே நான்முகி. சல்பேட்டில் இரட்டைப் பிணைப்பு எங்கே போடுவது, எத்தனை போடுவது என்ற தகராறே இந்தக் கணக்கில் வராது, அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

நாலு வந்தால் அடிப்படை ஏற்பாடு நான்முகி. ஆனால் மூலக்கூறின் வடிவம் என்று கேட்டால் அணுக்கள் இருக்கும் இடத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும். பரீட்சையில் மார்க் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அம்மோனியாவில் உச்சிக் குச்சியைத் தனித்த இரட்டை என்று வைத்துக்கொண்டால், மிச்சம் தெரிவது முக்கோண அடியுள்ள கூம்பு. தண்ணீரில் இரண்டு குச்சி போனால் மிச்சம் வளைந்த வி வடிவம். ஏற்பாடு மூன்றுக்கும் ஒன்றுதான், பெயர் மூன்று.

கோணம் ஏன் சுருங்குகிறது

பிணைப்பில் உள்ள ஜோடியை இரண்டு பக்கமும் ஓர் அணுக்கரு பிடித்து இழுக்கிறது. தனித்த இரட்டைக்கு ஒரே ஒரு பிடிதான், நடு அணுவின் பக்கத்திலேயே பரவி உட்கார்ந்துவிடும். பஸ் சீட்டில் காலை அகட்டி உட்காருகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் ஒடுங்கத்தான் வேண்டும். ஒரு ஆள் இருந்தால் 107°, இரண்டு ஆள் இருந்தால் 104.5°.

இந்தச் சுருக்கம் எவ்வளவு என்று பொம்மையில் பார்க்கலாம். தண்ணீருக்கு நூல் 15.8 சென்டிமீட்டர். 16.3-லிருந்து அரை சென்டிமீட்டர்தான் குறைவு! கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆகவே தண்ணீரைச் செங்கோணத்தில் வரைந்துவிட்டுச் சுருங்கிவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது இன்னும் நான்முகிக் குடும்பத்துப் பிள்ளைதான். பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனையும் சுற்றி நாலு ஆக்சிஜன் நான்முகி மாதிரி நிற்பதும், நடுவில் அத்தனை காலி இடம் இருப்பதால் பனிக்கட்டி மிதப்பதும் இதனால்தான்.

தனித்த இரட்டையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. அம்மோனியாவும் நைட்ரஜன் டிரைஃபுளூரைடும் எண்ணிக்கையில் ஒன்றுதான், ஆனால் முன்னதற்கு 107°, பின்னதற்கு 102° சொச்சம். ஃபுளூரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பிணைப்பு ஜோடிகள் நைட்ரஜனை விட்டுத் தள்ளிப் போய்விடுகின்றன, நடுவில் நெரிசல் குறைகிறது, கோணம் இன்னும் சுருங்க இடம் கிடைக்கிறது. பாஸ்ஃபீனில் (பாஸ்பரஸைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்) 93.5°, ஹைட்ரஜன் சல்பைடில் 92°. இங்கே நடு அணு பெரிது, ஜோடிகள் தூரத் தூர இருக்கின்றன, ஒன்றையொன்று தள்ளுவதற்குப் பெரிய அவசியம் இல்லை. எஸ்பி3 இனக்கலப்பு (ஒரு எஸ், மூன்று பி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் இருக்கும் இடங்கள், கலந்து நான்முகித் திசையில் நாலு ஆவது) என்று எழுதிவிட்டு 92° என்று எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். இனக்கலப்பே ஏறக்குறைய இல்லை, கந்தகத்தின் பி ஆர்பிட்டால்கள் 90°-க்குப் பக்கத்தில் அப்படியே பிணைகின்றன என்று சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கம். பொம்மையில் இதற்கு நூல் 14.4, இப்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கோணம் எப்போதும் குறையும் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். டைகுளோரின் மோனாக்சைடில் ஆக்சிஜனுக்கு இரண்டு தனித்த இரட்டை இருந்தும் கோணம் சுமார் 111°. இரண்டு குண்டுக் குளோரின்களும் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஏமாற்றுகிற நாலுகள்

நாலு அணு சுற்றியிருந்தால் நான்முகி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இன்னொரு வழக்கமான விபத்து. கந்தக டெட்ராஃபுளூரைடு: 6 + 4 = 10, பாதி 5, ஆகவே நாலு அணுவும் ஒரு தனித்த இரட்டையும், வடிவம் சாய்ந்தாடி (பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடுகிற சீசா மாதிரி). செனான் டெட்ராஃபுளூரைடு: 8 + 4 = 12, பாதி 6, இரண்டு தனித்த இரட்டைகள் எதிரெதிரே நின்றுகொள்ள, ஃபுளூரின்கள் தட்டையான சதுரம். நாம் நோட்டில் மீத்தேனுக்குப் போட்ட அந்தக் கூட்டல் குறி கடைசியில் இதற்குத்தான் பொருந்துகிறது.

இடைநிலை உலோகங்களிடம் (நிக்கல், பிளாட்டினம் மாதிரியானவை) இந்தக் கணக்கைக் கொண்டு போகவே போகாதீர்கள். நிக்கல் டெட்ராகார்பனைல் நான்முகி, அதே நிக்கல் நாலு சயனைடோடு சேர்ந்து அயனியானால் தட்டைச் சதுரம், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் தட்டைச் சதுரம். அதற்கு வேறு கொள்கை, வேறு பாடம். மூன்று கார்பன் வளையமான சைக்ளோபுரோப்பேனில் கார்பன்கள் 60°-க்கு வளைக்கப்பட்டிருக்கின்றன, 109.5-ஐ விட்டு அவ்வளவு தூரம் இழுத்ததால்தான் அந்த வளையம் சுலபமாக உடைகிறது.

இனி தாளுக்குத் திரும்பலாம். பொம்மையைக் கையில் எடுத்து, இரண்டு குச்சி சரியாகத் தாளின் தளத்தில் வரும்படி பிடியுங்கள். அப்போது மற்ற இரண்டில் ஒன்று உங்களைப் பார்க்கும், இன்னொன்று பின்னால் போகும். தளத்தில் உள்ள இரண்டையும் சாதாரணக் கோடாகப் போடுங்கள், நடுவில் 110° போல விட்டு. உங்களைப் பார்ப்பதை முனை விரிகிற தடித்த ஆப்பாகவும், பின்னால் போவதைக் கோடு கோடாக விட்டும் போடுங்கள். ஆப்பும் விட்ட கோடும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில், சாதாரணக் கோடுகள் இரண்டுக்கும் எதிர்ப்புறத்தில் வர வேண்டும். நிறையப் பேர் ஆப்பை ஒரு பக்கமும் விட்ட கோட்டை அதற்கு நேர் எதிரிலும் போடுகிறார்கள், அப்படி ஒரு நான்முகியை எந்தப் பக்கம் திருப்பினாலும் பார்க்க முடியாது. சந்தேகமாக இருந்தால் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்.

பழக மூன்று தருகிறேன், கணக்கைப் போட்டுவிட்டுப் பதிலைப் பாருங்கள்: ஹைட்ரோனியம் அயனி, பெர்குளோரேட் அயனி, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு. மூன்றுக்கும் 8 வரும், பாதி 4. ஹைட்ரோனியத்தில் மூன்று ஹைட்ரஜனும் ஒரு தனித்த இரட்டையும், ஆகவே அம்மோனியா மாதிரிக் கூம்பு. பெர்குளோரேட்டில் 7 + 0 + 1, சுத்தமான நான்முகி. கடைசியதும் நான்முகிதான், ஆனால் நாலும் ஒரே அணு இல்லையே, தடித்த பிணைப்புள்ள ஆக்சிஜன் மற்றவர்களை நெருக்குவதால் குளோரின்களுக்கு நடுவே கோணம் 103° பக்கம் இறங்கிவிடும். பொம்மையில் அந்த மூன்று முனைகளை மட்டும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து, ஆக்சிஜன் முனை தானாக விலகிப் போவதைப் பாருங்கள், மாவு காய்ந்து வெடிப்பதற்குள்.